படுக்கையறைக்குள் விழும் கடை வெளிச்சம்: சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள கடையின் மாடியில் பெரிய எல்.இ.டி. ஃபோகஸ் விளக்குகளை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். விடிய விடிய எரிகின்றன. திரை போட்டும் வயதான அம்மாவால் தூங்க முடியவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கலாமா?

பதில்: வாரியத்துக்கு அலையாதீர்கள். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் மாசுபடுத்தி என்று வரையறுப்பது திட, திரவ, வாயுப் பொருள்களை மட்டுமே. ஒலியையாவது 1987-இல் காற்று மாசுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒலிபெருக்கிக்கு டெசிபல் வரம்பும் இரவு 10 மணிக் கெடுவும் இருக்கின்றன. ஒளிக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 2006 முதல் இத்தகைய வெளிச்சம் சட்டப்படி தொல்லை; உள்ளாட்சி அமைப்பே நோட்டீஸ் அனுப்பி நிறுத்தச் சொல்லலாம். ஒருவரின் தூக்கத்தைப் பறிப்பதை நம் சட்டங்கள் இன்னும் இப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

ஆனாலும் நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முதலில் கடைக்காரரிடம் பேசுங்கள். விளக்கை அணைக்கச் சொன்னால் திருட்டுப் பயம் என்பார். தரையை நோக்கிச் சாய்த்து, மேலே தகட்டு மறைப்பு போடச் சொல்லுங்கள். அவர் கடை வாசலுக்கும் வெளிச்சம் கூடும். பல தகராறுகள் இதிலேயே முடிந்துவிடும்.

மறுத்தால் வழக்கறிஞர் நோட்டீஸ். அதற்கும் மசியாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக் கட்டளை (தொல்லையை நிறுத்தச் சொல்லும் நீதிமன்ற ஆணை) கோரி வழக்கு. இங்கே ஒரு நுணுக்கம்: சாதாரண மனிதர் எவருக்கும் அந்த வெளிச்சம் தாங்க முடியாததா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அம்மாவின் முதுமையை மட்டும் வைத்து வழக்கைக் கட்டாதீர்கள்; வீட்டில் மற்றவர்கள் படும் பாட்டையும் எழுதுங்கள்.

சான்றுதான் கடினம். செல்போன் கேமரா வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைத்துவிடும் என்பதால் புகைப்படம் ஏமாற்றும். அறை விளக்கை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து வரும் ஒளியில் செய்தித்தாள் படிக்க முடிகிறதா என்று தேதி, நேரத்தோடு குறித்துவையுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 26, விதி 9-இன்கீழ் வழக்கறிஞர் ஆணையரை, அதாவது நேரில் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வழக்கறிஞரை, நியமிக்கக் கேட்கலாம். அவர் இரவில் வந்து பார்க்க வேண்டும் என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள். பகலில் வந்தால் பயனில்லை.

தெருவே பாதிக்கப்பட்டிருந்தால் அது பொதுத் தொல்லை. அண்டை வீட்டாரும் கையெழுத்திட்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். தொல்லையை அகற்றச் சொல்லி நிபந்தனை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும்தான் தொல்லை என்றால் இந்த மனு நிற்காது; உரிமையியல் வழக்குதான் வழி.