வலித்தால்தான் மசாஜா?

கோவையைச் சேர்ந்த மசாஜ் தெரபிஸ்ட் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கே: மறுநாள் எழுந்திருக்க முடியாத அளவுக்கு வலித்தால்தான் மசாஜ் வேலை செய்திருக்கிறது என்கிறார் என் கணவர். மெதுவாகச் செய்பவரிடம் போனால் காசு வீண் என்பது அவர் கட்சி. உண்மையா?
– வாசகி, திருப்பூர்

ப: என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்கள் கணவர் கட்சிதான். "நல்லா அழுத்துங்க, எனக்கெல்லாம் தாங்கும்" என்று சொல்லிக்கொண்டே படுப்பார்கள், முழங்கையைத் தோள்பட்டையில் வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால்விரல்களைச் சுருட்டிக்கொள்வார்கள். மூச்சு நின்றால் நானும் அழுத்துவதை நிறுத்திவிடுவேன். தாங்க முடியாத வலி வரும்போது தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும், அதோடு மல்லுக்கட்டினால் மிஞ்சுவது கன்றிப்போன தோல்தான். நம் தோலில், முக்கியமாக ரோமம் உள்ள இடங்களில், மெதுவான வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில் கை நகர்ந்தால் அவை நன்றாக விழித்துக்கொள்ளும், வேகம் கூடினால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதனால்தான் முதுகில் தைலம் பரப்பவே நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஆழமாகப் போவதெல்லாம் அப்புறம். ஆழமான அழுத்தமே தப்பு என்று சொல்லவில்லை. "ஆங், அந்த இடம்தான்" என்று சொல்ல வைக்கும் வலி வேறு, பல்லைக் கடிக்க வைக்கும் வலி வேறு. கொடுக்கிற காசுக்கு வலியையும் சேர்த்து வாங்கி வர வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

கே: மசாஜ் செய்தால் உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறுமாமே?
– வாசகர், சேலம்

ப: வெளியேறாது. அதற்குத்தான் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. ஓடியாடும்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறோம் என்பதும் இதே கதைதான், ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனாலே அது தானாகப் பழைய அளவுக்கு வந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று நாள் வலிப்பதற்கு அது காரணமில்லை. அந்த வலி மசாஜால் கொஞ்சம் குறையும், அது போதாதா?

கே: முடிவெட்டி முடித்ததும் கடைக்காரர் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் 'டக் டக்'கென்று நெட்டி எடுக்கிறார். சுகமாகத்தான் இருக்கிறது. தொடரலாமா?
– வாசகர், மதுரை

ப: தலையைத் தட்டி, நெற்றியை நீவி, தோளைப் பிடித்துவிடுவது வரை ஆனந்தமாக அனுபவியுங்கள். கழுத்து மட்டும் வேண்டாம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உள்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். அரிதுதான், ஆனால் ஒரு 'டக்' சத்தத்துக்காக எடுக்க வேண்டிய ஆபத்தா அது? "அண்ணே, கழுத்து வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: கணவர் இறந்த பிறகு முதல்முறையாக எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனேன். பாதியில் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். உடம்பில் தேங்கியிருந்த துக்கம் வெளியேறுகிறது என்றார் அந்தப் பெண். அப்படியா?
– வாசகி, நாகர்கோவில்

ப: எங்கள் தொழிலில் நிறையப் பேர் அப்படிச் சொல்வார்கள், நான் சொல்வதில்லை. நம் ஊரில் ஒரு வயதுக்கு மேல், அதுவும் துணையை இழந்தவர்களை, யாரும் தொடுவதே இல்லை. பேரப்பிள்ளை மடியில் ஏறினால் உண்டு. அப்படி இருக்கும்போது ஒருவர் பாதத்திலிருந்து தலை வரை அக்கறையாகத் தொட்டால் அழுகை வருவதில் என்ன ஆச்சரியம்? தொடுதல் சின்ன விஷயம் இல்லை. 1986-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், தினமும் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம் என்று 10 நாள் தடவிவிடப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் அதிகமாக எடை கூடியது. என்னிடம் யாராவது அழுதால் கையை எடுக்க மாட்டேன், காரணமும் கேட்க மாட்டேன். வாயாடியான எனக்கு இது லேசில் வரவில்லை. வெட்கப்படாமல் மறுபடி போங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மனநல ஆலோசகரையும் பாருங்கள், அது எங்கள் வேலை இல்லை.

கே: ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. நீவி விடலாமா?
– வாசகர், திருச்சி

ப: கூடவே கூடாது. உள்நாளத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம், நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி இவருக்கு மட்டும் போனிலேயே சொல்லிவிட்டோம்.

கே: மசாஜ் தெரபி படிக்கிறேன். இப்போதே கட்டைவிரல் வலிக்கிறது. "அந்த மாதிரி வேலையா?" என்று சொந்தக்காரர்கள் வேறு பேசுகிறார்கள். தொடரட்டுமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

ப: முதலில் விரல், அம்மணி. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டிகள் மேஜையைத் தொட வேண்டும், அந்த உயரம் சரி. மேஜை உயரமாக இருந்தால் உடம்பைச் சாய்த்து எடையைக் கொடுக்க முடியாது, எல்லாப் பாரமும் கட்டைவிரலின் அடிமூட்டுக்குப் போய்விடும், அங்கே தேய்மானம் வந்தால் தொழிலே போச்சு. பெரிய தசைகளுக்கு முன்கை, முழங்கை, மடக்கிய கை. கட்டைவிரலைக் கடைசியாகப் பயன்படுத்துங்கள். ஒரே நாளில் இன்னொருவருக்கும் செய்தால் கூடக் கொஞ்சம் காசு வரும்தான், ஆனால் கை சோர்ந்த பிறகு வருகிறவருக்கு நீங்கள் கொடுப்பது அரைகுறை வேலை. "இன்றைக்கு முடியாது, நாளைக்கு வாங்க" என்று சொல்லப் பழகுங்கள், எனக்கு அதற்கே வருஷக்கணக்கானது.

சொந்தக்காரர்கள் விஷயம் அவ்வளவு சீக்கிரம் தீராது. ஸ்பாவில் ரெய்டு என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கும் யாராவது போன் செய்து நக்கலாக விசாரிப்பார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். வேலையில் மட்டும் சில விதிகளைத் தளர்த்துவதே இல்லை: செய்யும் பகுதி தவிர மற்ற இடமெல்லாம் துணி மூடியிருக்கும், எங்கே தொடப்போகிறேன் என்று முன்னாலேயே சொல்வேன், பேச்சோ கையோ எல்லை மீறினால் பாதியிலேயே எழுப்பி அனுப்பிவிடுவேன், காசு வராவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் வேலைக்குச் சேரும் இடத்து முதலாளி இதற்குத் துணை நிற்பாரா என்று முதல் நாளே கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

கே: உங்களுக்கு யார் மசாஜ் செய்வார்கள்?
– வாசகி, பொள்ளாச்சி

ப: இதே தொழிலில் இருக்கும் தோழி ஒருத்தி. காசு கிடையாது, ஞாயிற்றுக்கிழமையில் மாற்றி மாற்றிச் செய்துகொள்வோம். ஒரே சிக்கல், முதலில் படுத்தவள் எழுந்து அடுத்தவளுக்குச் செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள்.