குடியேற்ற மெடிக்கல் (வெளிநாட்டு விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை): உங்கள் கேள்விகளுக்கு டாக்டரின் பதில்கள்

10 வருடங்களுக்கு முன் டிபி வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிட்டது. இப்போது கனடாவுக்கு விண்ணப்பிக்கிறேன். டாக்டரிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா?

வேண்டாம், சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் எக்ஸ்ரே சொல்லிவிடும். ஆறிப்போன டிபி பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு தழும்பை விட்டுப் போகும். அது பழைய தழும்பா, இப்போது கிளம்பிய நோயா என்பது ஒரே ஒரு படத்தை வைத்துத் தெரியாது. அதனால்தான் மூன்று நாள் சளி கேட்கிறார்கள். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடாமல், ஆழமாக இருமி நெஞ்சிலிருந்து வரும் சளியைக் கொடுங்கள். வாயில் ஊறும் எச்சில் உதவாது. டிபி கிருமி மெதுவாக வளரும். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்கு எட்டு வாரம் வரை ஆகும். பலருடைய விண்ணப்பம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. நிற்பது வேறு, நிராகரிப்பது வேறு.

பழைய எக்ஸ்ரே, சிகிச்சை முடிந்ததற்கான சீட்டு எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மாற்றமில்லை என்று எழுத முடிந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம். கனடா போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறையிடம் வந்து காட்டச் சொல்லலாம்; அதற்குப் பயப்படாதீர்கள். மறைப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். பொய்த் தகவல் தந்ததாக முடிவானால் ஐந்து வருடத் தடை.

எனக்குச் சர்க்கரை, கணவருக்கு பிரஷர். விசா கிடைக்காதா?

மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரைக்காகவோ பிரஷருக்காகவோ மட்டும் விசா மறுப்பது அரிது. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பார்ப்பது, உங்கள் சிகிச்சைக்கு அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்பதை. மருந்துச் சீட்டும் சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும். அப்புறம், அன்று காலை பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வராதீர்கள். பதற்றத்தில் ஏற்கனவே கூடியிருக்கும் அளவு இன்னும் ஏறிவிடும்.

ஆஸ்திரேலிய விசாவுக்கு மெடிக்கல் வந்திருக்கிறது. நான் நான்கு மாதக் கர்ப்பிணி. எக்ஸ்ரே எடுக்கலாமா?

குழந்தை பிறந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதுவரை விண்ணப்பம் காத்திருக்கும். மையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கர்ப்பம் என்று சொல்லுங்கள், உடை மாற்றும் அறை வரை போய்விட்டுச் சொல்லாதீர்கள்.

அமெரிக்க கிரீன் கார்டுக்குத் தடுப்பூசி விவரம் கேட்கிறார்கள். சிறுவயதுச் சீட்டு தொலைந்துவிட்டது.

தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி போன்றவற்றுக்கு ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இருப்பதைப் பரிசோதித்துக் காட்டலாம். இல்லையென்றால் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாத் தவணையும் முடிந்திருக்க வேண்டியதில்லை; வயதுக்குரிய ஒவ்வொன்றிலும் ஒரு டோஸ் போட்டிருந்தால் போதும். கோவிட் ஊசி 2025 முதல் பட்டியலில் இல்லை.

எச்ஐவி இருந்தால் அமெரிக்கா போக முடியாதா?

அந்தத் தடை 2010 ஜனவரியிலேயே நீங்கிவிட்டது. மருந்தை மட்டும் விடாதீர்கள்.

எங்கள் குடும்ப டாக்டரிடமே மெடிக்கல் செய்துகொள்ளலாமா?

முடியாது. அந்தந்த நாட்டு அரசு அங்கீகரித்த டாக்டர் மட்டுமே செய்யலாம். அவரும் அறிக்கைதான் தருவார். முடிவு குடியேற்ற அதிகாரியுடையது.

பீரியட்ஸ் நாளில் போகலாமா?

சிறுநீர்ப் பரிசோதனை இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் காரணம் தேடி மறுபடி வரச் சொல்வார்கள். முடிந்து சில நாள் கழித்துப் போனால் ஒரே நடையில் வேலை முடிந்துவிடும்.