கரடி வேட்டைக்குப் போகலாமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

டல்லாஸில் மென்பொருள் வேலை, எச்1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர்களோடு டெக்சாஸில் மான், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய்ப் பழக்கம். அவர்களில் ஒருவர் அலாஸ்காவில் பழுப்புக் கரடி வேட்டைக்குப் பதிவு செய்யப்போகிறார், என்னையும் கூப்பிடுகிறார். பணம் சேர்த்துவிட்டேன். எந்தத் துப்பாக்கி வாங்குவது என்பதுதான் இப்போது எங்கள் பேச்சு முழுக்க. மனைவிக்குச் சம்மதமில்லை. சுடாத துணையாளாக அலாஸ்கா தீபகற்பத்துக்குப் போய்வந்ததை நீங்கள் எழுதியிருந்தீர்கள். எப்படித் திட்டமிடுவது? போகலாமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

துப்பாக்கியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன் உங்கள் விசா. எச்1பி போன்ற குடியேறாத விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்கான முக்கிய விலக்கு. இதுவரை உங்களைக் காப்பாற்றியது அந்த டெக்சாஸ் உரிமம்தான், அது காலாவதியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவுக்குத் தனி உரிமமும் கரடிக்கான டேக்கும் (சுட்ட கரடியில் மாட்டும் அடையாளப் பட்டை) வாங்க வேண்டும்.

அடுத்தது கைடு. அலாஸ்காவில் குடியிருக்காத எவரும், அமெரிக்கக் குடிமகனே ஆனாலும், உரிமம் பெற்ற கைடு இல்லாமல் பழுப்புக் கரடியை வேட்டையாட முடியாது. அங்கேயே வசிக்கும் மிக நெருங்கிய உறவினர் கூட வந்தால்தான் விதிவிலக்கு. உங்களுக்கு அங்கே அப்படி ஒரு அண்ணனோ தம்பியோ இருக்கப்போவதில்லை. கட்டணம் இருபதாயிரம் டாலருக்கு மேலேதான். ரொம்பக் குறைவாகச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, "உங்கள் பகுதி யாருடைய நிலம்?" என்பது. தேசிய வனவுயிர்ப் புகலிட நிலமென்றால் கைடுகள் போட்டியிட்டு அனுமதி வாங்கியிருப்பார்கள், அந்த வட்டாரத்தில் பொதுவாக வேறு கைடு இருக்கமாட்டார். மாநில நிலத்தில் அப்படியில்லை. ஒரே பள்ளத்தாக்கில் பல கைடுகள் ஆள் இறக்கலாம். பின்னதில், பக்கத்துக் கூடாரக்காரர் முந்திக்கொள்வாரோ என்ற பயத்திலேயே அவசரமாகச் சுடவைப்பார்கள். முன்னதில் கைடு அடுத்த பருவத்தையும் நினைத்துப் பார்ப்பார்.

காலம் நம் இஷ்டமில்லை. தீபகற்பத்தில் நெடுங்காலமாக ஒற்றைப்படை ஆண்டுகளில் அக்டோபர், இரட்டைப்படை ஆண்டுகளில் மே. ஒருமுறை சுட்டுவிட்டால் நான்கு பருவ ஆண்டுகளுக்கு ஒரு கரடிதான் என்பது கணக்கு. போக ஒரு வாரம், வர ஒரு வாரம் உபரியாக விடுப்பு கேளுங்கள். சிறுவிமானம் மேகம் விலகினால்தான் கிளம்பும், மேலாளரின் நாட்காட்டி அதற்குத் தெரியாது.

விமானத்தில் பறந்த அன்று சுடக்கூடாது, மறுநாள் அதிகாலை மூன்று மணி வரை பொறுக்க வேண்டும். நாங்கள் இறங்கிய மாலையே எதிர்ச்சரிவில் ஒரு கரடி புல் மேய்ந்துகொண்டிருந்தது. மே மாதத்தில் இரவு பதினொன்று வரைக்கும் வெளிச்சம். கூடாரத்தைச் சுற்றி மின்வேலி கட்டிக்கொண்டே எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் அது இல்லை.

அதற்குப் பிறகு வேட்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. மேட்டில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்ப்பது, மழை கோட்டுக்குள் புகுவது, மறுபடி பார்ப்பது. எங்கள் கைடு கரடியின் காதைத்தான் முதலில் தேடுவார். காதுகள் பெரிதாகத் தலை உச்சியில் நின்றால் வயது போதாது. தலையின் இரு ஓரத்திலும் ஒதுங்கிச் சிறிதாகத் தெரிந்தால் முதிர்ந்த ஆண். அப்படி ஒன்று வந்தது. வயிறு தொங்க, ஆடி ஆடி நடந்தது. நான் துணைக்குப் போன நண்பர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். கைடு அவர் தோளில் கை வைத்துப் பொறுக்கச் சொன்னார். பத்து நிமிடம் போயிருக்கும். ஆல்டர் புதருக்குள்ளிருந்து இரண்டு குட்டிகள் வெளியே வந்தன. குட்டியோடு இருக்கும் பெண்கரடியைச் சுடுவது அங்கே குற்றம். காதை வைத்துக்கூட ஏமாறலாம் என்று கைடே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இப்போது துப்பாக்கி. தோட்டா வகையில் .30-06 போதும், .338 வின்செஸ்டர் மேக்னமும் .375-உம் அங்கே சகஜம். ஆனால் உதை தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு சுடும் பெரிய துப்பாக்கியைவிடக் கைக்குப் பழகிய சின்னது மேல். உட்கார்ந்தபடி, மூச்சு வாங்கும்போது, நூறு கஜத்தில் சுட்டுப் பழகுங்கள். குறி தவறிக் காயத்தோடு கரடி ஆல்டருக்குள் போய்விட்டால், உள்ளே நுழைந்து தேடப்போவது நீங்கள் இல்லை, கைடு. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

போகலாமா என்று கேட்டீர்கள். எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற வாதம் எனக்கு உவப்பில்லை. அலாஸ்காவின் கோடியாக் தீவுகளில் வேட்டை பல தலைமுறையாக நடக்கிறது, அங்கே இன்றும் சுமார் 3,500 கரடிகள் இருக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2017-இல் கிரிஸ்லி (பழுப்புக் கரடியின் ஒரு வகை) வேட்டையை நிறுத்தியதற்கும் எண்ணிக்கை முதற்காரணமல்ல, மக்களின் மனம் ஒப்பாததுதான். எனக்கு ஒப்பாதது ஒன்றுதான். தோலையும் மண்டையோட்டையும் எடுத்துவந்தே ஆகவேண்டும், அதிகாரி முன் சீல் வைக்க வேண்டும், வயது பார்க்க ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். இறைச்சியை மட்டும் பெரும்பாலான இடங்களில் அங்கேயே விட்டுவிட்டு வரலாம். நீங்கள் இதுவரை சுட்ட மானும் பன்றியும் சமையலறைக்கு வந்திருக்கும். இது அப்படி வராது. உங்கள் மனைவியின் மறுப்பு இந்த இடத்தில் இருக்கிறதா, செலவில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கரடியை அருகில் பார்ப்பதுதான் ஆசை என்றால் அலாஸ்காவிலேயே மெக்னீல் ஆற்றுச் சரணாலயம் இருக்கிறது. குலுக்கலில் நாளொன்றுக்குப் பத்துப் பேரை அனுப்புகிறார்கள், துப்பாக்கியோடு போன எங்களைவிட அவர்கள் அதிகக் கரடிகளைப் பார்க்கிறார்கள்.

இல்லை, வேட்டைதான் என்று முடிவெடுத்தால், கைடிடம் கடந்த பருவத்தில் வெறுங்கையோடு திரும்பியவர்களின் தொலைபேசி எண்களைக் கேட்டு வாங்கி அவர்களிடம் பேசுங்கள். கரடி கிடைத்தவர்கள் எல்லாம் நல்லதையே சொல்வார்கள். முன்பணம் பெரும்பாலும் திரும்ப வராது, வீட்டில் பேசி முடித்தபிறகு கட்டுங்கள்.