வேலைக்கு நடுவே திடீரென்று கூப்பிட்டால் தலை ஸ்தம்பித்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ளவர் எப்படிச் சமாளிப்பது?

தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அரைமணி நேரம் மீள முடியவில்லை என்கிறீர்கள். எனக்கும் ஆட்டிசம் உண்டு, கணக்குப் பிரிவில் வேலை, அதே கதைதான்.

இது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005-இல் எழுதிய கட்டுரை இதை 'மோனோட்ரோபிசம்' என்று விளக்குகிறது: கவனம் ஒரே தடத்தில் ஆழமாக ஓடும், சட்டென்று தடம் மாற்றுவது பெரும்பாடு.

எனக்குக் கைகொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே அடுத்த வேலையை ஒரு வரி எழுதிவிடுவேன்: '47-வது பில், வரி சரிபார்க்கணும்'. அதற்கான பத்து வினாடியை வாங்க, "இதோ, எழுதிட்டுத் திரும்புறேன்" என்று மனப்பாடமாக ஒரு வாக்கியம். அந்த நேரத்தில் வார்த்தை தேடினால் வராது. வாயே திறக்காத நாளில் கையை உயர்த்திக் காட்டுவேன்.

ஹெட்போன் போடச் சொல்வார்கள். பின்னால் ஆள் வருவது தெரியாமல் எனக்கு இன்னும் மோசமானது! வாசலைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டதுதான் பலன் தந்தது.

அப்புறம், மேலாளரிடம் "தொந்தரவு செய்யாதீர்கள்" என்றால் எடுபடாது. "அவசரமில்லாததை மெசேஜில் போடுங்கள், 11 மணிக்கும் 4 மணிக்கும் பார்த்துவிடுவேன்" என்று கேளுங்கள். இந்தியாவில் அரசு வேலை என்றால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு 'நியாயமான வசதி', அதாவது நம் தேவைக்கேற்ற பொருத்தமான மாற்றங்களைச் செய்துதரச் சொல்கிறது. ஆட்டிசமும் அந்தச் சட்டத்தில் வரும். எழுத்தில் கேட்பது நல்லது.