இலவசமாகவா?

கேள்வி: வேரில் வாழும் பூஞ்சை, செடிக்கு மணிச்சத்தை (பாஸ்பரஸை) இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்கிறதாமே! மூலக்கூறு அளவில் இது எப்படி நடக்கிறது? வீட்டுத் தோட்டத்துக்கு, இந்தப் பூஞ்சையையே உரமாக விற்கும் வேம் (VAM) வாங்கிப் போடலாமா?
(ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: இலவசமாகவா? இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். நம் இதழ் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் பிடிஎஃப் வாட்ஸ்ஆப் குழுக்களை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஒரு புண்ணியவான், "கேள்வி-பதில் பக்கம் மங்கலாக இருக்கிறது, நல்ல பிரதியாக அனுப்புங்கள்" என்று எனக்கே எழுதுகிறார். சந்தா கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

மண்ணுக்கடியில் இந்த வேலையெல்லாம் நடக்காது. மணிச்சத்து கொண்டுவரும் பூஞ்சைக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் அளக்கிறது. அதிலும் கொழுப்பு அமிலத்தை அடிப்படையிலிருந்து தானே தயாரிக்கும் வசதி இந்தப் பூஞ்சைக்குக் கிடையாது, செடி கொடுத்தால்தான் உண்டு என்பது 2017இல் தெளிவானது.

மணிச்சத்து குறைந்தால் வேர், ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடும். அதை உணர்ந்த பூஞ்சை இழை கிளைகிளையாகப் பிரியும், தன் பங்குக்கு, தன் செல்சுவரில் உள்ள கைட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துண்டுகளை அனுப்பும். கைட்டின் நோய்ப் பூஞ்சையிடமும் இருக்கிறதே, வேர் ஏமாறாதா? நீளத் துண்டு வந்தால் பொதுவாக எதிர்ப்பைக் கிளப்பும்; நான்கைந்து கண்ணி உள்ள குட்டைத் துண்டோ, கொழுப்பு வால் ஒட்டியதோ வந்தால் வேர்ச் செல்லின் உட்கருவில் கால்சியம் அளவு விட்டுவிட்டுத் துடிக்கும். அந்தத் துடிப்பைப் படிக்கவே ஒரு புரதம் இருக்கிறது. அது மரபணுக்களை முடுக்க, இழை நுழையும் முன்பே செல்லுக்குள் அதற்கென்று ஒரு பாதை தயார். உள்ளே போய் இழை குட்டி மரம்போல் கிளைக்கும். அதுதான் ஆர்பஸ்க்யூல். ஆனாலும் செடியின் சவ்வு அதைச் சுற்றிப் போர்த்தியிருப்பதால் செல்லின் உட்பொருளை அது தொடவே முடியாது. எல்லாக் கொடுக்கல் வாங்கலும் அந்தச் சவ்வு வழியாகத்தான். மணிச்சத்தை உள்ளே இழுக்கும் சவ்வுப் புரதத்தை முடக்கிப் பார்த்தார்கள். சரக்கு வராத ஆர்பஸ்க்யூல் சீக்கிரமே சிதைந்துபோனது. அக்கவுண்ட் குளோஸ்!

சரி, அப்படியானால் அங்கே பிடிஎஃப் கோஷ்டியே இல்லையா? இருக்கிறது. சோளம், கரும்பு போட்டவர்களைக் கேளுங்கள், சுடுமல்லி என்பார்கள். பூஞ்சையைக் கூப்பிட வேர் கசியவிடும் அதே ஸ்ட்ரிகோலாக்டோனை ஒட்டுக்கேட்டு முளைத்து, அந்த வேரிலேயே ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் களை. வேடிக்கை என்னவென்றால் விஞ்ஞானிகளுக்கு முதலில் தெரிந்ததே இந்தத் திருட்டுதான். 1966இல் பருத்தி வேரிலிருந்து இந்த வகைப் பொருளைப் பிரித்தெடுத்து, இதுதான் சுடுமல்லி இனத்தின் விதையை முளைக்க வைக்கிறது என்றார்கள். தன்னைத் தின்ன வரும் களையைச் செடியே ஏன் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும்? யாருக்கும் பிடிபடவில்லை. அழைப்பு பூஞ்சைக்கு என்று ஜப்பானியர் அக்கியாமாவும் குழுவினரும் கண்டுசொன்னது 2005இல்தான். அதுவரை திருடன் பேரில்தான் பட்டா. ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பெயரே சுடுமல்லியின் ஸ்ட்ரிகா என்ற அறிவியல் பெயரிலிருந்து வந்தது. உழைத்த பூஞ்சைக்குப் பெயரில்கூடப் பங்கில்லை. பதிப்பாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பெருமூச்சு விடுவது இங்கே கேட்கிறது.

வேம் விஷயத்துக்கு வருகிறேன். கத்தரி, மிளகாய், தக்காளிக்குப் போடலாம். நாற்று நடும்போது வேரில் படும்படி குழியில் போடுங்கள். முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு இந்தப் பூஞ்சையோடு சேராத குடும்பம். அவற்றுக்குப் போடுவது தண்டம். அப்புறம், வேமைப் போட்டுவிட்டு மேலே கைநிறைய டிஏபி என்ற மணிச்சத்து உரத்தையும் தூவாதீர்கள். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர் அழைப்பதையே குறைத்துக்கொள்ளும். உங்களுக்கு இரண்டு செலவு.

அது சரி, இந்தக் கேள்வியை அனுப்பினீர்களே, சந்தா எண் எங்கே?