கண்ணில் எடுத்த படத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “என் கணவருக்கு வயது 54. பதினொரு ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு). கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) கண்ணுக்குள் படம் எடுத்துவிட்டு, ஆரம்ப நிலை மாற்றம் தெரிகிறது, சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். அவருக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. கண்ணாடிக் கடையிலும் குறையில்லை என்றார்கள். கண்ணைப் பார்த்துவிட்டுச் சிறுநீரை ஏன் கேட்கிறார்கள்?”

கிளினிக்கில் சொன்னது சரியே. அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கத்தி வைக்காமல் நுண்ணிய இரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் விழித்திரை. படத்தில் செம்மஞ்சள் பரப்பில், வெளிறிய வட்டம் ஒன்றிலிருந்து குழாய்கள் கிளை பிரிந்து ஓடுவது தெரியும். நீடித்த சர்க்கரையால் குழாய்ச் சுவரைத் தாங்கும் செல்கள் அழியும்போது, சுவர் பலவீனப்பட்டு ஆங்காங்கே சிறு பைபோலப் புடைக்கிறது. அதுதான் சிவப்புப் புள்ளியாகத் தெரிகிறது. ஆரம்ப நிலை என்பது பெரும்பாலும் இத்தகைய புள்ளிகள் மட்டுமே உள்ள கட்டம். கசிவு கூடினால் கொழுப்பு படிந்து மஞ்சள் திட்டுகளும், குழாய் அடைபட்டால் பஞ்சுத் துணுக்கு போன்ற வெண்திட்டுகளும் தோன்றும்.

சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் இதே போன்ற நுண்குழாய்ச் சுருள்கள்தாம். அதே சர்க்கரை, அதே இரத்த அழுத்தம் அங்கும் சேதம் விளைவிக்கும். அங்கே கசிவது அல்புமின் என்னும் புரதம். சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம் 3 மி.கி./மி.மோலுக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் அது ஏறக்கூடும் என்பதால், ஒரே முடிவை வைத்துத் தீர்மானிக்காமல் மூன்று மாதங்களுக்குள் மீண்டும் பார்த்து உறுதிசெய்வார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: சிறுநீரில் புரதம் மிகுதியாக இருந்து விழித்திரை சுத்தமாக இருந்தால், சிறுநீரகக் கோளாறுக்கு நீரிழிவல்லாத வேறு காரணம் உண்டா என்று மருத்துவர் தேடத் தொடங்குவார்.

தமனி சிரையைக் கடக்கும் இடத்தில் சிரை நசுங்கித் தெரிந்தால், அது நாள்பட்ட இரத்த அழுத்தத்தின் தடயம். 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள், விழித்திரைப் படத்தை மட்டும் கொண்டு ஒருவரின் இரத்த அழுத்தத்தையும் புகைப்பழக்கத்தையும் கணினியால் ஓரளவு கணிக்க முடியும் என்று காட்டினார்கள். அதற்காக வீட்டிலுள்ள அழுத்தமானியை மூட்டை கட்ட வேண்டாம். படம் சுத்தமாக இருப்பதால் இதயக் குழாயில் அடைப்பில்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது. விழித்திரைப் படம் பெரிய குழாய்களைக் காட்டுவதில்லை.

பார்வை நன்றாக இருப்பது ஆறுதல்தான், ஆனால் அது அத்தாட்சி ஆகாது. எழுத்துப் பலகையைப் படிக்கவைப்பது நடுப்பார்வையின் கூர்மையை மட்டுமே அளக்கிறது. நடுப்பகுதியான மக்குலா பாதிக்கப்படாதவரை, சுற்றிலும் நோய் முற்றியிருந்தாலும் கடைசி வரியைப் படித்துவிடலாம். கண்ணாடிக் கடையில் விழித்திரைப் படம் எடுத்தார்களா, அதைப் படிக்கத் தெரிந்தவர் படித்தாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் சோதனையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆரம்ப நிலைக்கு லேசரோ கண்ணுக்குள் ஊசியோ தேவைப்படுவதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் கட்டுப்படுத்துவதே சிகிச்சை. புகைப்பவராக இருந்தால் அதையும் விட வேண்டும். பிரிட்டனில் இரண்டாம் வகை நீரிழிவாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த பெரிய ஆய்வில், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 1 சதவீதப் புள்ளி குறைந்தபோது நுண்குழாய்ச் சிக்கல்கள் ஏறத்தாழ 37 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை இன்சுலின் கொண்டு வேகமாக இறக்கும்போது விழித்திரை மாற்றம் சில மாதங்கள் சற்றே மோசமாகலாம். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. அடுத்த படத்தை முன்கூட்டியே எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டால் போதும். மற்றபடி, ஓராண்டு தாண்டாமல் மறுபடி படம் எடுக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது கண் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், அருகில் உள்ளவை மங்கலாகத் தெரியும். அன்று அவர் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம், நீங்கள் உடன் செல்லுங்கள். திடீரெனக் கண்முன் கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்தாலோ அடுத்த தவணைக்குக் காத்திராமல், அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.