மகள் எகனாமிக்ஸ் எடுக்கட்டுமா? ஒரு பெற்றோருக்குப் பதில்

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மகள் கல்லூரி முதல் ஆண்டில் அறிமுகப் பொருளாதாரம் எடுக்க ஆசைப்படுகிறாள், அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது ஒன்று. வேலைக்கு இல்லாவிட்டாலும் வாழ்க்கைக்காவது உதவுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சின்னது: அந்த ஒரு பாடத்தைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள். இரண்டாவதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன். "நுழைவுத் தேர்வுக்கு இரண்டு வருடம் கோச்சிங் அனுப்பினோம், அந்தப் பணம் வீணாகிவிடுமே" என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவள் படிக்க ஆசைப்படும் பாடத்தில் ஆரம்பத்திலேயே வருகிற விஷயம் இது. அவள் எதைப் படித்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. இப்படிப்பட்டதை மூழ்கிய செலவு என்பார்கள். இனி எடுக்கப்போகிற முடிவில் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிரிட்டனும் பிரான்சும் 1962-ல் ஒப்பந்தம் போட்டுக் கட்டிய கான்கார்டு விமானத்தை இதற்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். செலவு ஏறிக்கொண்டே போனது, லாபம் வராது என்பதும் தெரிந்துவிட்டது, ஆனாலும் இவ்வளவு போட்டாயிற்றே என்று மேலும் மேலும் போட்டார்கள். அரசாங்கங்களே தப்பவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்?

அடுத்தது வாய்ப்புச் செலவு. என் பார்வையில் மொத்தப் பாடத்திலும் இதுதான் முக்கியம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற அடுத்த நல்ல வழியின் மதிப்புதான் வாய்ப்புச் செலவு. கல்லூரிப் படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம், புத்தகம் இவற்றோடு, அந்த ஆண்டுகளில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தையும் செலவாகவே பார்க்க வேண்டும். சாப்பாட்டுச் செலவு? அதைச் சேர்க்கக் கூடாது, படிக்காவிட்டாலும் சாப்பிடத்தானே போகிறாள்! விடுதியில் தங்குவதால் கூடுதலாக ஆகிறது என்றால் அந்தக் கூடுதலை மட்டும் சேர்க்கலாம். பலர் தடுமாறுவது இங்கேதான். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் வேலை மாறுவதா, கடன் வாங்கிப் படிப்பதா, ஒரு வருடம் காத்திருப்பதா என்று எது வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி தெரிந்துவிடும்.

பணவீக்கமும் அப்படித்தான். வைப்புநிதிக்கு 6 சதவீத வட்டி வருகிறது, விலைவாசி 7 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ்புக்கில் தொகை வளரும், ஆனால் அந்தப் பணத்துக்குக் கிடைக்கிற பொருள் ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்திருக்கும். சம்பள உயர்வுக் கடிதத்தையும் இதே கண்ணோடு படிக்கத் தெரிய வேண்டும்.

படிப்பு, வேலை பற்றி ஆலோசனை சொல்லும் என் தொழிலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு கருத்தும் இந்தத் துறையில் உண்டு. வேலை தருபவருக்கு உங்கள் மகளின் திறமை வெளியிலிருந்து தெரியாது. அதனால் பட்டத்தை ஒரு அடையாளமாகப் பார்க்கிறார். இதை 1973-ல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் விளக்கினார், 2001-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். எல்லோரிடமும் ஒரே பட்டம் இருந்தால் ஒருவரை இன்னொருவரிடமிருந்து அது பிரித்துக் காட்டாது என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம். எந்தக் கோர்ஸுக்கு மவுசு என்று மட்டும் பார்க்கிற பெற்றோர் யோசிக்க வேண்டிய இடம் இது.

சரி, அவளுடைய அப்பா நினைப்பதுபோல ஷேர் மார்க்கெட்டில் சம்பாதிக்க வழி சொல்லித் தருவார்களா? மாட்டார்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்ற கேள்விக்கு அந்த வகுப்பில் பதில் கிடையாது. இன்னொன்று, முதல் ஆண்டுப் புத்தகங்களில் மனிதர்கள் எப்போதும் கணக்குப் போட்டே நடப்பார்கள். நிஜத்தில் அப்படி இல்லை என்பதை ஆராய்ந்த டேனியல் கானமன் என்ற உளவியலாளருக்கே 2002-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அதனால் புத்தகத்தில் இருப்பதை அவள் அப்படியே நம்ப வேண்டாம், கேள்வி கேட்கட்டும்.

கணக்கு வருமா என்று பாருங்கள். அறிமுகப் பாடத்துக்கு வரைபடமும் சாதாரண இயற்கணிதமும் பெரும்பாலும் போதும். அதையே முதன்மைப் பாடமாக எடுத்தால் நுண்கணிதம், புள்ளியியல் இரண்டும் வந்து நிற்கும். கணக்கைக் கண்டாலே ஓடுகிறவள் என்றால் அறிமுகத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். பிடிக்கும் என்றால் புள்ளியியலையும் கொஞ்சம் புரோகிராமிங்கையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். வங்கி, ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு போன்ற வேலைகளுக்கு அந்தச் சேர்க்கைதான் கைகொடுக்கும்.

இப்போதைக்குக் கல்லூரி அலுவலகத்தில் இரண்டு விஷயம் விசாரியுங்கள். விருப்பப் பாடத்தை மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி எது? மைக்ரோ (தனி ஆட்களும் நிறுவனங்களும் எடுக்கும் முடிவுகளைப் பற்றியது), மேக்ரோ (நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பற்றியது) இரண்டும் ஒரே செமஸ்டரிலா, தனித்தனியாகவா? தனித்தனி என்றால் மைக்ரோவை முதலில் எடுக்கட்டும். மேலே நான் சொன்னதில் பணவீக்கம் தவிர ஏறக்குறைய எல்லாமே அதைச் சேர்ந்தவைதான்.